வாசலில் காயப்போட்ட வெள்ளை

கொழும்பில் வெயிலை நம்பித் துணி நனைக்கக் கூடாது. தூத்துக்குடியில் துணியைக் கொடியில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், மொறமொறவென்று காய்ந்துவிடும். அங்கே வெயில் வீட்டு ஆள். இங்கே கொட்டாஞ்சேனையில் அது விருந்தாளி. முன்வாசலில் எட்டிப் பார்க்கும், உட்காரச் சொல்வதற்குள் எழுந்து போய்விடும், பின்னாலேயே மழை வந்து நிற்கும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அந்த வெயிலைத் துரத்திக்கொண்டு போய்த்தான் நான் ஒருநாள் எங்கள் குறுந்தெருவை, இங்கே சொல்கிறபடி ஒழுங்கையை, முழுக்க அழவைக்கப் பார்த்தேன்.

அப்போது உலகச் சண்டை தொடங்கவில்லை. நான் கப்பல் ஏறி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. என் வீட்டுக்காரருக்குப் புறக்கோட்டையில் ஓர் அரிசிக் கடையில் வேலை. எங்கள் வாடகை வீட்டின் முன்பக்கத்தில் ஒழுங்கையைப் பார்த்த ஒரு சிற்றறை சும்மா கிடந்தது. அதன் மேல் எனக்கு ஒரு கண். ஊரில் எனக்கென்று அறை இருந்ததே இல்லை, தேவைப்படவும் இல்லை. நிழல் எங்கே விழுகிறதோ அங்கே மெஷினை இழுத்துப் போட்டுத் தைப்பேன், பேச்சுத்துணைக்கு யாராவது வந்து உட்காருவார்கள். இங்கே காலையில் அவர் போனால் மாலை வரை சுவர்தான் துணை. வெட்டிய துணி வெட்டிய இடத்தில் கிடக்க, அடுத்த நாள் அதே இடத்தில் கையை வைக்க, இந்த ஊரில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. அதைக் கேட்டுவிட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். அந்த அறையை ஒருவருக்குத் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். கடையில் சேர ஊரிலிருந்து சுடலைமுத்து என்பவர் வரப்போகிறார். ஊர்க்காரன் வந்து இறங்கினால் ஊர்க்காரன் வீட்டில்தான் தங்குவான்; இல்லை என்று சொன்னால் பேச்சு கப்பலேறித் தூத்துக்குடிக்கே போய்விடும். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள உன் மெஷினுக்குன்னு வேல வந்துட்டா அவன்கிட்ட பேசிப் பாக்கேன். வரலன்னா மெஷின் கட்டிலுக்கு அடியில போயிரும், சரிதானா?" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றிலிருந்து அந்த அறையே கதி என்று கிடந்தேன். தேயிலைப் பெட்டிகள் இந்த ஊரில் சல்லிசாகக் கிடைக்கும். பலகைப் பெட்டி, உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பக்கவாட்டில் சாய்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அலமாரி. துணியை ஈரக்காற்று அண்டாது, தேயிலை வாசம் மட்டும் கொஞ்சம் ஏறும். பழைய கதவு ஒன்றை இரண்டு பெட்டிகளின் மேல் கிடத்தினேன், வெட்டும் மேசை தயார். பித்தானும் கொக்கியும் சிகரெட் டின்களுக்குள் போயின. காகித அளவுகளை ஆணியில் மாட்டினேன். ஜன்னலோரம் கை மெஷின். அதைச் சுற்றி வந்த சாக்கை மட்டும் தூக்கிப் போட மனம் வரவில்லை, மடித்து மெஷினுக்கு அடியில் விரித்தேன். அப்பா சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்த கட்டு அது. உப்பளத்தில் மேஸ்திரி வேலை பார்த்தவர், வாயைத் திறந்து பாசம் காட்டத் தெரியாது. துறைமுகத்தில் எல்லோரும் அழுதபோது அவர் மட்டும் அந்தக் கட்டின் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். சாக்கின் மேல் கரி மையால் பெரிதாக எழுதியிருந்தார்: பேச்சியம்மாள். கப்பலில் மற்றப் பெட்டிகள் எல்லாம் புருஷன் பெயரில் வந்தன. என் பெயரில் வந்தது அது ஒன்றுதான்.

அறை தயாரானதும் புதுத் துணி வாங்கினேன், நல்ல வெள்ளை லாங்கிளாத். புதுத் துணியை அப்படியே வெட்டினால் முதல் வெளுப்பில் சுருங்கித் தைத்தவள் மானத்தை வாங்கிவிடும். நனைத்துக் கஞ்சி போகக் காயவைத்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். முழு நீளத்துக்கு எனக்குக் கொடி போதவில்லை. சுருங்க இடம் விட்டு, ரவிக்கைக்கு ஒரு துண்டாகக் கிழித்து நனைத்தேன். வீட்டுக்குப் பின்னால், வளவில், வெயில் இல்லை. ஒழுங்கைப் பக்கம் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. விடுவேனா? வாசல் தூணிலிருந்து வெளிக்கதவான படலைக்கு ஒரு கயிறு, படலையிலிருந்து எதிர் விளக்குக் கம்பத்துக்கு ஒரு கயிறு. துண்டுகள் வரிசையாகக் காற்றில் படபடத்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சற்று நேரத்தில் அடுத்த வீட்டுச் சிங்களத்து அம்மா சோமா நோனா வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், மூவரும் வெள்ளைச் சேலையில். சோமா நோனாவின் கையில் ஒரு கூஜா. அதுவரை எங்கள் படலையைத் தாண்டாதவர்கள் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் வந்த சேதி பரவிவிட்டது, வேலை தேடி வருகிறது என்று நினைத்தேன். வாருங்கள் வாருங்கள் என்று அறைக்குள் அழைத்து, தேயிலைப் பெட்டிகளைத் தட்டிக் காட்டினேன். பித்தான் டின்களைத் திறந்து குலுக்கினேன். சோமா நோனா என் முகத்தையே பார்த்தாள். "அனே" என்றாள். எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்கு மட்டுமே காணும். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு டின்னைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, கூஜாவிலிருந்து இஞ்சி போட்ட கோப்பியை ஊற்றிக் கொடுத்தாள். கூட வந்தவளின் கண் கலங்கியிருந்தது. அறை அவ்வளவு பிடித்துவிட்டதா என்று நான் குழம்பினேன்.

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சரஸ்வதி வந்த பிறகுதான் விஷயம் உடைந்தது. வாசலிலேயே நின்று, "என்ன பிள்ளை நடந்தது? ஆர் செத்தது? ஊரிலை இருந்து தந்தி வந்ததோ?" என்றார்.

"யாரும் சாகலியே அக்கா! ஏன் கேக்கிய?"

"அப்ப வாசலிலை ஏன் வெள்ளை கட்டியிருக்கிறியள்? இஞ்ச செத்தவீட்டுக்குத்தானே ரோட்டு வழிய வெள்ளை கட்டுறது!"

எனக்குத் திக்கென்றது. அந்த 'அனே' பாராட்டு இல்லை, 'ஐயோ பாவம்'. எங்கள் ஊரில் சாவு காதுக்கு வரும். சங்கும் மேளமும் தெருமுனைக்கே சொல்லிவிடும். இந்த ஊரில் அது கண்ணுக்கு வருகிறது, சத்தமில்லாமல், வெள்ளைத் துணியாக. சரசக்கா சிங்களத்தில் விளக்கியதும் சோமா நோனா முதலில் நெஞ்சில் கை வைத்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் வெட்டும் மேசையில் சாய்ந்துவிட்டாள். நான் துணியை அவிழ்க்க வெளியே ஓடினேன். அதே நேரம் ஒழுங்கைக்குள் என் வீட்டுக்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

டிராமில் இறங்கித் திரும்பியவர் கண்ணில் அந்த வரிசை பட்டிருக்கிறது. இந்த ஊர் வழக்கம் அவருக்குப் பல வருடப் பழக்கம். குடையைக் காணோம், ஒரு காலில் செருப்பைக் காணோம். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். நான் நடந்ததை உளறிக் கொட்டினேன். திட்டுவார் என்றுதான் பார்த்தேன். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடித்தறியாத மனிதர், கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சட்டை முழுக்க ஈரம்.

சாப்பிட உட்கார்ந்தபோது, "சுடலமுத்துக்கு வேற எடம் பாத்துக் குடுத்துருதேன். மெஷின் அங்கனயே இருக்கட்டும்" என்றார்.

"ஆவணி இன்னும் பொறக்கலியே" என்று சீண்டினேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "வெள்ளையப் பாத்ததும், உள்ள மெஷின் சத்தம் கேக்குதான்னு காத குடுத்துக்கிட்டேதாம்ட்டி ஓடியாந்தேன். கேக்கல" என்றார். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். வாக்கு மாறியதற்கு ஊரில் பேச்சு வந்தது, வந்து ஓய்ந்தது. சுடலைமுத்து பக்கத்து ஒழுங்கையில் தங்கினார். வரும்போதெல்லாம் அறை வாசலில் நின்று, "எம் படுக்கைல துணி வெட்டுதீகளே மதினி" என்று கேலி செய்வார். முதல் ரவிக்கை சோமா நோனாவுக்குத்தான் தைத்தேன்.

பிறகு சண்டை வந்தது. துணிக்குக் கூப்பன் வந்தது, நினைத்தால் கப்பல் ஏறலாம் என்ற காலம் போனது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் இவர் தந்தியோடு வந்தார். அப்பா போய்விட்டார். தந்தி என் கைக்கு வரும் முன்னே எல்லாம் முடிந்து, சாம்பலும் கரைத்திருப்பார்கள். அங்கே சங்கு ஊதியிருக்கும், மேளம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. ஒழுங்கையில் பழைய போத்தல் வாங்குபவன் கூவிக்கொண்டு போனான். அப்பா செத்ததற்கு இந்த ஊரில் ஓர் அடையாளமும் இல்லை. அறைக்குள் போய்த் தேயிலைப் பெட்டியில் இருந்த வெள்ளையை எடுத்தேன். கூப்பனில் சேர்த்துச் சேர்த்து வாங்கி, நனைத்துக் காயவைத்து எடுத்து வைத்திருந்த துணி. தூணிலிருந்து படலைக்கு நானே கட்டினேன். இவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.

இந்தத் தடவை யாரும் ஏமாறவில்லை. சோமா நோனா கூஜாவோடு வந்தாள். சரசக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டார். உட்கார வேறு இடம் இல்லாததால் எல்லோரும் மெஷின் அறையிலேயே, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். யாரும் அப்பாவைப் பார்த்ததில்லை. எப்படி இருப்பார் என்று சரசக்கா கேட்டார். மெஷினைத் தூக்கி, அடியில் விரித்திருந்த சாக்கில் அப்பா எழுதிய என் பெயரைக் காட்டினேன். கரி மை மங்கியிருந்தது. அவர்கள் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

சடங்கு நாட்கள் கழிந்ததும் அந்தத் துணியை இரண்டாக வெட்டினேன். ஒரு பாதியை, எப்படியோ இடம் கிடைத்து ஊருக்குப் போன சுடலைமுத்துவிடம் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். எதற்கென்று சொல்லி அனுப்ப வாய் வரவில்லை. அவர் திரும்பி வந்து அம்மா கேட்டதை அப்படியே சொன்னார்: "வெள்ளத் துணிய எதுக்குக் குடுத்துவிட்டா? சேலைக்கும் காணாது, வேற எதுக்குன்னும் தெரியல. பிள்ள குடுத்துவிட்டதுன்னு அவுக பெட்டியில வச்சிருக்கேன்." அம்மா வாயில் 'அவுக' என்றால் அப்பா.

என் பாதி இங்கே தேயிலைப் பெட்டியில், மேல் தட்டில் இருக்கிறது. நல்ல துணி, இனிச் சுருங்காது. ரவிக்கை தைக்க வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து விலை கேட்கிறார்கள். அது விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு வேறு துணியை எடுத்துப் போடுகிறேன்.