மூக்குக் குழாயும் சௌல்தாரி பஸ்ஸும்

எல்லாரும் சும்மா இழுத்து விடுகிற காற்றை ஒரு பெட்டியில் பிடித்து, குழாய் வழியாக அடுத்தவர் மூக்கில் திணிப்பதுதான் என் பிழைப்பு. போர்ட் பிளேரில் மருத்துவ சாமான் விற்கிற கடையில் வேலை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு டாக்டர் ஒரு மெஷின் எழுதிக் கொடுப்பார். ராத்திரி முழுக்க அது காற்றை அழுத்தித் தள்ளி, தொண்டையை மூட விடாமல் வைத்திருக்கும். மாஸ்க் அளவு பார்ப்பது, வாரை இழுத்துச் சரி செய்வது, மறுநாள் வந்து கத்துகிறவர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான்தான். நீங்களும் இந்தக் குழாயை மாட்டுகிற ஆள் என்றால், இதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் மெஷினை அட்டைப்பெட்டியோடு அலமாரி மேல் ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா!

ஹவா வாலி

பஜாரில் எனக்குப் பெயர் 'ஹவா வாலி'. காத்துக்காரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடைக்கு வங்காளி வருவார், தெலுங்கர் வருவார், மலையாளி வருவார். எல்லாருக்கும் பொதுவாக இந்த ஊர் ஹிந்திதான், அதனால் என் பட்டமும் ஹிந்தியில் அமைந்துவிட்டது. நானும் இந்தக் குழாயை மாட்டித்தான் தூங்குகிறேன் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆம்பளை குறட்டை விட்டால் அலுப்பு, பொம்பளை விட்டால் அசிங்கம். என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனதோடு நிற்கவில்லை, சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் அதை நடித்தும் காட்டினார்.

மெஷின் வந்த புதிதில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. யாரோ முகத்தில் கையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கும். இழுக்கிற மூச்சு உள்ளே போய்விடும், விடுகிற மூச்சுதான் எதிர்க்காற்றில் முட்டிக்கொண்டு நிற்கும். அழுதுகொண்டே பழகினேன். குறட்டை ஒழிந்தது, இனிமேல் மனுஷன் உள்ளே வந்து படுப்பார் என்று எனக்கு ஒரு ஆசை. வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "குறட்டை விட்டப்பவாவது பொண்டாட்டி மாதிரி இருந்த. இப்ப ஐசியு பேஷண்ட் பக்கத்துல படுக்கிற மாதிரி இருக்கும் லட்சுமி."

பன்னீர் அண்ணன் வயிறு

பன்னீர் அண்ணன் சௌல்தாரி போகிற பிரைவேட் பஸ்ஸுக்கு டிரைவர். அப்பா காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம், இவர் இங்கேயே பிறந்தவர். ஒருநாள் காலையில் சிப்பிகாட் வளைவில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து பஸ்ஸைத் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டார். வேலி போச்சு, பாக்கு மரம் போச்சு, நல்லவேளை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெயின்லேண்டுக்கு, சென்னைக்குப் போய் டெஸ்ட் எடுத்ததில் இந்த மூச்சு வியாதி என்று தெரிந்து மெஷினோடு திரும்பினார். பஸ் ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார்: மெஷின் போட்டு ஒழுங்காகத் தூங்கினால் வண்டிச் சாவி, இல்லையென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். பன்னீர் அண்ணனுக்கு அதை விட்டால் வேறு தொழில் தெரியாது. வேறு எதிலும் ஆசையும் கிடையாது.

மெஷினை மாட்டின நாலே நாளில் கடைக்கு வந்து நின்றார். அழுத்தம் தாங்காமல் காற்றை விழுங்கிவிடுகிறார், அது வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. விடிந்து எழுந்தால் வயிறு கல் மாதிரி உப்பியிருக்கிறது, மத்தியானம் வரைக்கும் ஏப்பம். பாதித் தூக்கத்தில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிடுகிறாராம். இது எங்கள் கூட்டத்தில் நிறையப் பேருக்கு உள்ளதுதான். ஆனால் அழுத்தத்தை நான் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது, டாக்டர் சொல்ல வேண்டும். டெஸ்ட் எடுத்த சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் டாக்டரிடம் கேட்காமலே, கொஞ்ச நாள் பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்துவிட்டான். அதை அப்படியே பன்னீர் அண்ணனிடம் சொன்னேன். "பழகச் சொல்றவருக்கு என்ன தங்கச்சி, வயிறு என்னுதுதானே."

வாயால் மூச்சு விட்டவர்

ஹேவ்லாக் தீவில் அந்தோணி என்று ஒருத்தர். சிலிண்டர் கட்டி டூரிஸ்டுகளைக் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போகிறவர். அழுத்தத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பார். அவருக்கு மாஸ்க்கை மாட்டினால் மெஷின் பேய் மாதிரி இரைகிறது, காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று புகார். படகு பிடித்துக் கடைக்கு வந்தார். மாட்டிக் காட்டுங்கள் என்றேன். மூக்கில் மாஸ்க் ஏறினதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. அப்புறம்தான் புரிந்தது. கடலுக்குள் அவர்களுக்கு மூக்கு மூடியிருக்கும், குழாயைக் கடித்துக்கொண்டு வாயால்தான் மூச்சு. அத்தனை வருஷப் பழக்கம். மெஷின் மூக்கில் கொடுக்கிற காற்றெல்லாம் வாய் வழியாக வெளியே ஓடிவிடுகிறது.

வாயை மூடி வைக்கத் தாடைக்கு ஒரு வார் கட்டிவிட்டேன். கண்ணை உருட்டினார், கையைக் காலை உதறினார், கழற்றி மேஜை மேல் போட்டார். "மேடம், நாப்பது அடி ஆழத்துல எனக்கு மூச்சு முட்டினதில்ல. உங்க கடை நாற்காலியில முங்கிப் போவேன் போலிருக்கே."

அத்தர்

துணிக்கடை கலீல் பாய்க்குக் காற்று பிளாஸ்டிக் வாடை அடிக்கிறதாம். மெஷினில் காற்றை ஈரப்படுத்த ஒரு சின்னத் தொட்டி உண்டு, சுத்தமான தண்ணீர் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பாய் அதில் அத்தரை விட்டுவிட்டார். தொண்டை புண்ணாகி, கண் சிவந்து, மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கடையே கல்யாண வீடாக மணத்தது. தொட்டியை எத்தனை கழுவியும் வாடை போகவில்லை. கடல் கொந்தளிப்பு அடங்கிக் கப்பல் புதுத் தொட்டியைக் கொண்டுவருகிற வரைக்கும் மெஷின் மூலையில் கிடந்தது, பாய் பழையபடி மூச்சுத் திணறினார். வயசுக்கு மரியாதை பார்க்காமல் நான் பொரிந்து தள்ளினேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு நிதானமாகச் சொன்னார். "நல்லதா ஒரு மூச்சு விடலாம்னு பார்த்தேம்மா, அதுக்கும் உன் மெஷின் ஒத்துக்கல."

சிரிக்கிற மூஞ்சி

ராத்திரி போதுமான நேரம் மாட்டியிருந்தால், பன்னீர் அண்ணன் மெஷின் திரையில் காலையில் ஒரு சிரிக்கிற மூஞ்சி வரும். பஸ் ஓனர் எப்படியோ இதைத் தெரிந்துகொண்டார். தினமும் காலையில் அந்தச் சிரிப்பை வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினால்தான் சாவி என்று உத்தரவு போட்டார். அதோடு பன்னீர் அண்ணன் புகார் சொல்ல வருவது நின்றது. திரும்ப ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஓனர் என்னைப் பஜாரில் பார்த்து, தினமும் சிரிப்பு வந்துவிடுகிறது, உங்கள் கைராசி என்று புகழ்ந்தார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

மெஷினுக்கு ஃபில்டர் மாற்ற பன்னீர் அண்ணன் வீட்டுக்கு ஒருநாள் காலையில் போனேன். அன்றைக்கு அவருக்கு லீவு. கண் சிவந்து, தலை தொங்கி, சேரில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு தடமும் இல்லாமல் வழவழவென்று இருந்தது. டீ கொண்டுவந்த அவர் சம்சாரம் சரோஜா அண்ணி முகத்தில், இரண்டு கன்னத்திலும் வார் அழுந்தின தடம். மூக்குத் தண்டில் பள்ளம். நம்மைப் போல மாட்டுகிறவர்களுக்குத் தெரியாதா அந்தத் தடம் எது என்று? சிரிப்பு வருவதற்காக அண்ணி மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், அவர் பக்கத்தில் பழையபடி மூச்சு நின்று நின்று தூங்கியிருக்கிறார், விடிந்ததும் அப்படியே போய் பஸ்ஸை எடுத்திருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டேன். அண்ணிதான் முந்தானையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்கு வயிறு உப்புது மேடம். எனக்கும் உப்பத்தான் செய்யுது, ஆனா நான் பஸ் ஓட்ட வேண்டாமே."

மத்தியானப் பழக்கம்

ஓனரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். பன்னீர் அண்ணன் அழுதுவிட்டார். மாஸ்க் ஏறினாலே யாரோ கொல்ல வருகிற மாதிரி பயமாக இருக்கிறது என்றார். பயந்தவரை என்னவென்று திட்டுவது? கொஞ்ச நாள் ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு அதே பஸ்ஸில் கண்டக்டராகப் போகச் சொன்னேன். ஒத்துக்கொண்டார், ஓனரிடம் தோள்பட்டை வலி என்று சொல்லிவைத்தார். நான் சென்னைக்கு விடாமல் போன் போட்டு, டாக்டரையே பிடித்துவிட்டேன். அவர் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். மூச்சை விடுகிறபோது காற்று தணிந்து கொடுக்கிற மாதிரி ஒரு வசதி உண்டு, அதையும் போடச் சொன்னார். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

படுத்துக்கொண்டு மாட்டினால் யாருக்கும் பயம் போகாது. பகலில், முழித்துக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் மாட்டிப் பழக வேண்டும். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள், உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பன்னீர் அண்ணனுக்குப் பகலில் ஓய்வு என்றால் சௌல்தாரியில் பஸ் நிற்கிற மத்தியான நேரம்தான். டீக்கடையிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, கடைசி சீட்டில் உட்கார்ந்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனில் பாட்டுக் கேட்டார். முதலில் ஒரு பாட்டு, அப்புறம் ரெண்டு, அப்புறம் பாட்டுக்கு நடுவிலேயே தூங்கிப்போனார். வீட்டிலும் மாட்ட ஆரம்பித்தார். டாக்டர் சரி சொன்ன பிறகு ஸ்டியரிங்குக்குத் திரும்பினார்.

ஒருநாள் கடைக்கு வந்தார். இரண்டு கன்னத்திலும் வார் தடம், கண் தெளிவாக இருந்தது. அவர் ரகசியம் சொல்கிற மாதிரி குனிந்து கேட்டார். "காலையில தலை லேசா இருக்கு தங்கச்சி. எல்லாரும் தினமும் இப்படித்தான் எந்திரிக்கிறாங்களா?"

இறங்கிப் போனவர்கள்

மத்தியானத் தூக்கத்தை அவர் விடவில்லை. நல்லது கண்டவர், ஏன் விடுவார்? ஜன்னல் சீட்டுக்காக முன்கூட்டியே ஏறுகிறவர்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள். கடைசி சீட்டில் ஒரு ஆள், மூக்கில் ரப்பர் மூடி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி குழாய். யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். டிரைவர் கோ பிமாரி ஹை, டிரைவருக்கு வியாதி, என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. வலிப்பு என்றார்கள், டிபி என்றார்கள், எந்த நிமிஷமும் இதயம் நின்றுவிடும் என்றார்கள். அவர் பஸ் காலியாகப் போனது, பின்னால் வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். இதே ஜனம்தான் அவர் தலை ஆடி ஆடி ஓட்டின காலத்தில் முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தது.

ஓனரைப் போய்ப் பார்த்தேன். சாவியை வாங்கிவிட்டேன் என்றார். அண்ணி மாட்டிக்கொண்ட கதையைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னேன். இன்றைக்கு இந்த ரோட்டில் முழுசாகத் தூங்கி எழுந்து வண்டி எடுக்கிறவர் அவர் ஒருத்தர்தான், அவரைப் போய் இறக்கலாமா என்று கேட்டேன். ஓனர் குறுக்கே பேசாமல் கேட்டார், காபி கூட வரவழைத்தார். "நீங்க சொல்றது எல்லாம் வாஸ்தவம் மேடம். தூங்கி வழியிற டிரைவரை ஜனங்க தட்டி எழுப்பிக்கிறாங்க. குழாய் மாட்டின டிரைவர்னா அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுறாங்களே."

புது டிரைவர்

பன்னீர் அண்ணன் இப்போது அதே ஓனர் ஷெட்டில் பஸ் கழுவுகிறார். மெஷினை விடாமல் மாட்டுகிறார். நன்றாகத் தூங்குகிறேன் தங்கச்சி, முழித்திருந்து செய்யத்தான் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் டயருக்குத் தண்ணீர் அடித்தார். அவரைப் பழக்கிவிட்டதே நான்தான்.

போன வாரம் சௌல்தாரியில் ஒரு வீட்டுக்கு மாஸ்க் கொண்டுபோக அந்த பஸ்ஸிலேயே ஏறினேன். புது டிரைவருக்குத் தடித்த கழுத்து, திறந்த வாய், வீங்கின கண். டெஸ்டே வேண்டாம், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிப்பிகாட் தாண்டுவதற்குள் அவர் தலை ஒரு தடவை மார்பு வரைக்கும் தொங்கித் தூக்கிவாரிப் போட்டு நிமிர்ந்தது. நான் பதறி எழுந்து கம்பியைப் பிடித்தேன். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு இருந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "உக்காருங்க மேடம், பயப்படாதீங்க. முன்ன இருந்தவர் மாதிரி இவருக்கு வியாதி கியாதி கிடையாது, கண்ணு சொக்கினா நாங்க ஒரு சத்தம் குடுப்போம்."

தூக்கத்தில் நின்றுபோகிற மூச்சுக்கு மெயின்லேண்டிலிருந்து மெஷின் வந்துவிட்டது, முழித்துக்கொண்டே தூங்குகிற ஜனத்துக்குத்தான் இன்னும் எந்தக் கப்பலிலும் ஒன்றும் வந்து சேரக் காணோம்.