செவலையை நிற்க வைத்தோம்

நேற்று என் முழங்காலுக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்றவர், "நாய்க்கு மூட்டுவலி மாத்திரை இருக்காண்ணே? பாவம், வயசாயிருச்சு" என்றார். எனக்கு ஒரு அட்டை, நாய்க்கு ஒரு அட்டை. இரண்டும் ஒரே நிறம். மாறிப்போனால் நான் குரைப்பேனோ என்று சிரித்துக்கொண்டேதான் கிளம்பினேன். வீடு வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. செவலையின் ஞாபகம் வந்தால் அப்படித்தான்.

செவலை என் வீட்டுக்காரர் குட்டியிலிருந்து வளர்த்த நாய். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமான சூட்டோடு அவர் ரங்கூனில் ஒரு கடைக்குக் கணக்கெழுதக் கிளம்பினார். வண்டி ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னது, "செவலையப் பாத்துக்க" என்பது மட்டும்தான். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடம் சொன்னாரோ! செவலையிடம் சொல்லியிருப்பார். எனக்கோ நாயென்றாலே குலைநடுங்கும்.

ரங்கூனில் குண்டு விழுந்தது. ஜனங்கள் காடு மலையெல்லாம் நடந்தே ஊர் திரும்புகிறார்கள் என்றார்கள். அவரிடமிருந்து தகவலே இல்லை. அந்த நேரம் பார்த்துச் செவலைக்கு இடுப்பு விழுந்துவிட்டது. ராத்திரியெல்லாம் முனகும். விடிந்ததும் எப்படியோ எழுந்து வாசலுக்கு வந்துவிடும். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"எந்திரிச்சுட்டான் பாரு! எம்மகன் நல்லாத்தான் இருக்கான்" என்பார். எந்தச் சாமி வந்து அவரிடம் இப்படிச் சொல்லிற்றோ தெரியாது. அதைச் சொன்ன பிறகுதான் காப்பி குடிப்பார்.

ஒரு நாள் அது எழுந்திருக்கவில்லை. அத்தை அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. புதுக்கோட்டைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி மாட்டாஸ்பத்திரியில் வலிக்கு ஒரு வெள்ளைத் தூள் வாங்கி வரச் செய்தேன். அத்தை எழுவதற்கு முன்பே தயிர்ச்சோற்றில் பிசைந்து ஊட்டிவிடுவேன். கடிக்குமோ என்ற பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. செவலை நின்றது. அத்தை சாப்பிட்டார்.

அப்புறம் ஒரு மத்தியானம் அதை எழுப்பவே முடியவில்லை. கூப்பிட்டாலும் தட்டினாலும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. "அய்யோ, நான் குடுத்த மருந்து அதிகமாப் போச்சே!" என்று கத்தினேன்.

அத்தை திடுக்கிட்டார். "நீ குடுத்தியா? நானுல்ல குடுத்தேன்!"

பல்வலிக்கென்று வைத்திருந்த அபினைக் கடுகளவு எடுத்து, வெல்லத்தில் உருட்டி, தினமும் படுக்கப்போகும் முன்னால் கொடுத்திருக்கிறார்.

"எதுக்குங்கத்தை?"

"அது எந்திரிக்கலேன்னா நீ ஒடஞ்சு போயிருவேன்னுதான் ஆத்தா. வேற எதுக்கு?"

நான் அவருக்காகக் கொடுத்தேன், அவர் எனக்காகக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் அந்தச் சகுனத்தை எங்களில் யார்தான் நம்பினோம்? கேட்க எனக்குத் தைரியமில்லை. செவலைக்கு வலி நின்றதா, இல்லை முனகக்கூடத் தெம்பில்லாமல் போனதா, அதுவும் புரியவில்லை.

சாயங்காலம் அது கண் திறந்தது. அன்றோடு அபினை நிறுத்தினோம். வெறும் தூளுக்கு அது எழவில்லை. மறுநாள் காலையில் அத்தை ஒரு துண்டை அதன் வயிற்றுக்கடியில் விட்டார். "நீ அங்கிட்டுப் பிடி" என்றார். இருவருமாகத் தூக்கி நிறுத்தினோம். "எந்திரிச்சுட்டான்" என்று அத்தை சொன்னார். நானும் ஆமாம் என்றேன். பைத்தியங்கள்தான், வேறென்ன? ஆனாலும் தினமும் தூக்கினோம்.

அப்படித் தூக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் எலும்பும் தோலுமாக ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் அதை என்ன பண்றீங்க?"

குரலை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது. கை நழுவித் துண்டை விட்டுவிட்டேன். செவலை அவர் காலடியில் சரிந்தது. அவர் உட்கார்ந்து அதன் இடுப்பைத் தொட்டார். வீல் என்று கத்திற்று.

"இம்புட்டு வலியோடவா நிக்க வச்சீங்க?"

அவர் அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் அதைத் தூக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டது.

அத்தையும் போய், அவரும் போய், எத்தனையோ காலமாயிற்று. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது செங்கல் அடுக்கியிருக்கிறார்கள்.

என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எந்திரிச்சு நடக்கிறியாம்மா?" என்பான். அவன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இந்த மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். வலிக்காகவா, அவனுக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுந்து நின்றுவிடுகிறேன். துண்டைப் பிடிக்கத்தான் அத்தை இல்லை.