தொற்றாத தும்மல்

மஞ்சூருக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியில் டிரையர் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்து விழும் தூளை உள்ளங்கையில் அள்ளி மோந்து, சூடு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். என் மூக்கை நம்பித்தான் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் அந்த மூக்கு கெட்டுப்போனது.

தை பிறந்து சீகை மரங்கள் மஞ்சளாகப் பூத்ததும் தொடங்கும். காலையில் பதினைந்து, இருபது தும்மல், விடாமல். சளி கட்டாது, தண்ணீராகத்தான் கொட்டும். உடம்பு சுடாது. மேலண்ணம் அரிக்கும். நாக்கால் தேய்த்துத் தேய்த்து நாக்கே புண்ணாகிவிடும். காதுக்குள் விரல் எட்டாத இடத்தில் அரிக்கும். மழை பெய்தால் அன்றைக்கு ஒன்றும் இருக்காது. மேட்டுப்பாளையத்தில் மாமா வீட்டுக்கு இறங்கினால் அடியோடு நின்றுவிடும். திரும்பி வரும் பஸ் குன்னூரைத் தாண்டுவதற்குள் கண் சிவந்துவிடும். காலையிலேயே குடிக்கிறான் என்று பேச்சு வந்தது. அம்மா அதை நம்பவில்லை. ஆனாலும் ஒருநாள் பக்கத்தில் வந்து என் வாயை மோந்து பார்த்தாள்.

தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் ரூமில் ஒரு அக்கா இருந்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கல்யாணமாகிப் பத்து வருஷம், குழந்தை இல்லை. ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் நான் மேலண்ணத்தைத் தேய்க்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

“காதும் அரிக்குமா தம்பி?”

“ஆமாங்கக்கா. எப்படித் தெரியும்?”

“எனக்கும் அதே எழவுதான். காதுக்குள்ள அரிக்குது, வாய்க்குள்ள அரிக்குதுன்னு சொன்னா பைத்தியம்ங்கிறாங்க.”

அன்றிலிருந்து காலையில் பார்த்ததும் “எத்தன?” என்பாள். “பதினெட்டுங்க.” “எனக்கு இருபத்திரெண்டு. நாந்தான் ஜெயிச்சேன்.” அந்த ஃபேக்டரியில் என்னை நம்பியது அவள் ஒருத்திதான்.

மாசியில் குன்னூரில் ஒரு டாக்டரிடம் போனேன். மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஹே ஃபீவர்” என்றார்.

“காய்ச்சலே இல்லீங்களே சார்?”

“பேருதான் அப்படி. மகரந்தம் ஒத்துக்காம வர்றது. யாருக்கும் தொத்தாது.”

மாத்திரையும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் எழுதிக் கொடுத்தார். அக்காவிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த மூன்றாம் நாள், தூள் வாங்கும் வியாபாரி ஒருவரை ஃபேக்டரிக்குள் கூட்டி வந்தார் டீ மேக்கர். எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் அவர்தான். கொரோனா பயம் முழுசாக ஓயாத வருஷம். டாக்டர் கொடுத்த மருந்து எனக்கு இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. டிரையருக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அடங்கவில்லை. கையில் இருந்த தூளின் மேலேயே தும்மினேன், வரிசையாக.

“யாருய்யா அது?” டீ மேக்கர் சுற்றிக்கொண்டு வந்தார்.

“சலிக்கிற ரூம் அக்காங்க சார். ரொம்ப நாளாவே இருக்குதுங்க. டிபியான்னு தெரியலீங்க.”

டிபி என்று சொல்லச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா பத்தடி தள்ளி வாசலில் நின்றாள். மெஷின் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பேச்சுக்குப் பதில் தும்மல் வந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. வியாபாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலமே அவளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊட்டியில் சளி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சீட்டு வாங்கி வந்து காட்டினாளாம். வாட்ச்மேன் அதைக் கையால் தொடாமலே படித்துவிட்டு அனுப்பினான். இதை அவன் சொல்லித்தான் கேட்டேன். ஸ்பிரே எனக்கு நன்றாக வேலை செய்தது. அந்த வருஷம் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து மஞ்சூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இத்தலாரில் காரட் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இமைகள் வீங்கியிருந்தன. அவளே பக்கத்தில் வந்தாள்.

“உனக்கு நின்னுருச்சா தம்பி? மூஞ்சி தெளிவா இருக்கே.”

குன்னூர் டாக்டரைப் பற்றிச் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னேன்.

“எப்பப் போன அவர்கிட்ட?”

பொய் சொல்லியிருக்கலாம். “அந்த மாசிதானுங்கக்கா. அதுக்கு மூணு நாள் முன்னாடி.”

எதற்கு முன்னாடி என்று அவள் கேட்கவில்லை.

“நீ சொன்னது அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு. என்ன நோயின்னு உனக்கும் தெரியாது, பயத்துல உளறிட்டன்னு நெனச்சேன். ஊட்டுக்காரர்கிட்டகூட உன்னைய விட்டுக்கொடுத்துப் பேசல.”

“அக்கா...”

“அப்ப என் தங்கச்சி புள்ள பெத்து வந்திருந்தா. மூணு மாசம் ஒரே ஊட்டுல இருந்தோம். டிபி இல்லன்னு சீட்டக் காட்டியும் ஒரு தடவகூட என் கையில புள்ளயக் கொடுக்கல. கதவுக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டேன். இப்ப அது என்னையக் கண்டாலே ஓடிருது.”

எமரால்டு வழியாக இத்தலாருக்குப் போகும் பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டாக்டரின் முகவரியை ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி ஜன்னலுக்குள் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. நான் போக வேண்டியதும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.