தொப்பி யோகனோடு ஹார்ட்ஸ் மலைக்கு

ஆரணி, கவின்,

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் காரை எடுத்தபோது நீங்கள் இரண்டு பேரும் முகமெல்லாம் கொப்புளத்தோடு யன்னலில் நின்றீர்கள். ஆரணி கை காட்டினாள். கவின் கை காட்டவில்லை, அழுதுகொண்டு நின்றான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் கொப்பளிப்பான் வந்த பிள்ளைகளைச் சனம் கூடும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. யோகன் மாமாவின் குதிரைப் பாட்டை உங்களைப்போல் பாடமாக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் ஹனோவரில் வேறு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே கண்டதையும் கேட்டதையும் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். படுத்துக்கொண்டே வாசியுங்கள். சொறியாதீர்கள்.

ஒன்பதரைக்கு யோகன் அண்ணையின் வீட்டு வாசலில் நின்றேன். உங்கள் மாமா அமெரிக்க மாட்டுக்கார வேடத்தில் இறங்கி வந்தார்: கறுப்புச் சேட்டு, தோல் அரைச்சட்டை, கூர் முனைச் சப்பாத்து. ஒரு கையில் கித்தார், மறு கையில் தொப்பிப் பெட்டி. கித்தாரை டிக்கியில் போட்டார். தொப்பியைப் பின்சீற்றில் வைத்துப் பட்டி கட்டினார்.

மேல்மாடி பல்கனியில் இருந்து அவர் மனைவி ராணி அக்கா கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, தொப்பிக்குப் பட்டி கட்டினது காணும். பிறஷர் மருந்து எடுத்தனீங்களோ?"

"எடுத்தனான், எடுத்தனான்."

"மேசையில கிடக்கு, கண் தெரியேல்லையோ?"

மருந்து மேலிருந்து கீழே விழுந்தது. அண்ணை அதைத் தொப்பியால் ஏந்திப் பிடித்திருந்தால் நல்ல காட்சியாக இருந்திருக்கும். நான்தான் பிடித்தேன்.

ஏழாம் இலக்க நெடுஞ்சாலையில் தெற்கே போனோம். கல்யாண வீடுகளில் நான்கு பேரைச் சேர்த்துவைத்துச் சிரிக்கப் பண்ணுகிற மனிதர் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஹில்டெஸ்ஹைம் வரும்போதுதான் பேசினார்.

"தம்பி, இண்டைக்கு உந்த ஜேர்மன்காரர் என்ர பாட்டுக்குச் சிரிக்காட்டி நான் இதோட விடப்போறன்."

"என்ன அண்ணை விசர்க்கதை?"

"விசர்க்கதை இல்லை. முப்பது வருசத்துக்கு மேல எங்கட சனத்தைச் சிரிக்க வைச்சிட்டன். சாப்பாட்டுக்கும் கேக் வெட்டுக்கும் நடுவில பத்து நிமிசம், அதுதான் என்ர இடம். குறை சொல்லேல்லை. ஆனா பாட்டு ஆரைப் பற்றினது? உவங்களையும் உவங்கட குதிரையையும் பற்றினது. உவங்கள் ஒருநாள் கேட்டுச் சிரிக்க வேணும். இல்லாட்டி நான் என்ன பகிடிக்காரன்?"

அடுத்த இறக்கத்தில் காரைத் திருப்பச் சொன்னார். இரண்டு கிலோமீற்றர் வயலுக்குள்ளால் போனால் ஒரு குதிரைப் பண்ணை. சிவப்பு ஓட்டுக் கூரை, வேலி, வேலிக்குப் பின்னால் நாலைந்து பழுப்புக் குதிரைகள். பிள்ளைகளே, குதிரைப் பாட்டு பிறந்தது இந்த இடத்தில்தான்.

அகதியாக வந்த யோகன் அண்ணைக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் முதலில் கிடைத்தது இங்கே சாணி அள்ளும் வேலை. அந்த நாட்களில் அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தாங்கள் பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பக்கத்து ஊரில் இருந்த தமையனைப் பார்ப்பதற்கும் கடிதம் வாங்க வேண்டும். டொக்டரிடம் போனாலும் டெர்மின் இல்லை, அதாவது பார்க்க நேரம் ஒதுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பண்ணையில் ஒரு போட்டிக் குதிரை நின்றது. அதைச் சுவிசுக்குக் கொண்டுபோக வண்டி வந்தபோது முதலாளி ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாராம். குதிரையின் கடவுச்சீட்டு!

"நான் அண்டைக்கு அழுதிருக்க வேணும் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. சாணிவாளியைக் கவிட்டு வைச்சிட்டு அதில இருந்து பாடினன்."

கித்தாரும் அந்த லாயத்தில்தான் கிடைத்தது. யாரோ எறிந்தது, நாலு நரம்புதான் இருந்தது. லாயத்து வானொலியில் நாள் முழுக்க அமெரிக்க மாட்டுக்காரப் பாட்டுகள் போகும். அந்த மெட்டில் தமிழை ஏற்றினார். முதலில் அகதி முகாம் சமையலறை, பிறகு பிறந்தநாள், சாமத்தியவீடு, தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழா. ஒலிநாடா போட்டார், இறுவட்டுப் போட்டார். பாத்திரம் கழுவினார், பேருந்து ஓட்டினார், சனி ஞாயிறு பாடினார். பனி அள்ளும் பாட்டு, குப்பை பிரிக்கும் பாட்டு எல்லாம் வந்தன. ஒரு பாட்டிலும் இன்னொருவரை அவர் கீழே தள்ளியதில்லை. விழுகிற ஆள் எப்போதும் அவர்தான். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

லாயக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி. அதில்தான் அந்த நாளில் தொப்பியைக் கொழுவுவாராம்.

"இண்டைக்குச் சரிவராட்டி வரேக்க இதில நிப்பாட்டு. தொப்பியை இதிலேயே கொழுவிப்போட்டு வீட்டை போவம்."

அவர் பகிடி விடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நெடுஞ்சாலைக் கடையில் ஒரு கோப்பி நாலு யூரோ இருபது. அம்மா தந்த பிளாஸ்க் இருந்தும் குடித்தோம். கொஸ்லார் தாண்டியதும் ரோடு மலைக்குள் ஏறியது. இரண்டு பக்கமும் காய்ந்துபோன ஊசியிலை மரங்கள், நடுநடுவே புதிதாக நட்ட கன்றுகள். வீட்டிலிருந்து நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலே. பன்னிரண்டு மணிக்கு, அமெரிக்க மாட்டுக்கார வேடத் திருவிழா நடக்கும் கிராமத்தில் இறங்கினோம்.

இறங்கியதும் எனக்கு ஜேர்மனியை விட்டே போய்விட்டது போல் இருந்தது. புல்வெளியில் வைக்கோல் கட்டுகள், மரப்பலகை மேடை, பெரிய தொப்பி போட்ட ஆண்கள், சரிகைத் தொங்கல் வைத்த சப்பாத்தோடு பெண்கள். தலையில் இறகு வைத்த ஒருவர் பொரித்த உருளைக்கிழங்கு விற்றார். நெஞ்சில் வெள்ளி நட்சத்திரம் குத்தி, மாட்டுக்கார ஊர்ப் பொலிஸான செரிப் வேடம் போட்ட ஒருவர் எங்கள் காருக்கு இடம் காட்டினார். அவர் வார நாட்களில் மிருக வைத்தியராம். நுழைவுக் கட்டணம் எட்டு யூரோ, பிள்ளைகளுக்கு இலவசம் என்று பலகையில் எழுதியிருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன்.

எங்களை அழைத்தவர் ஹைகே என்ற பெண்மணி. அந்த ஊர் நடனச் சங்கத்தின் தலைவி. பேக்கரியில் வேலை, அறுபது வயதிருக்கும். யோகன் மாமாவின் காணொளியைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு எழுதியவர் அவர்தான். கையை இறுகப் பிடித்துக் குலுக்கினார். அதிகம் கதைக்கவில்லை.

இரண்டு மணிக்கு அண்ணை மேடை ஏறினார். பாட்டுகளைத் தன் மகளைக்கொண்டு டொச் மொழியில் மாற்றி எழுதுவித்துப் பாடமாக்கியிருந்தார். குப்பைப் பாட்டைத் தொடங்கினார். உடனே சங்கத்தார் எழுந்தார்கள். வரிசை வரிசையாக நின்று, இடுப்புப்பட்டியில் பெருவிரலைச் செருகி, எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே காலை வைத்து ஆடினார்கள். பார்க்க அழகு. ஆனால் ஒருவர்கூட மேடையைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் சப்பாத்தில். உதடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணின.

அண்ணை பகிடி வரும் இடத்தில் வழக்கம்போல் நிறுத்தினார். எங்கள் சனம் அந்த இடத்தில்தான் வெடித்துச் சிரிக்கும். இங்கே ஒரு சத்தம் இல்லை. காற்று மட்டும். அடுத்த பகிடிக்கும் நிறுத்தினார். இருமல் ஒன்று கேட்டது. பனிப் பாட்டும் அப்படியே போயிற்று. முடிந்ததும் கை தட்டினார்கள், ஒழுங்காக, எல்லோரும் ஒன்றாக.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். அண்ணை தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"காரை எடு தம்பி."

"இன்னும் பாதி கிடக்கு அண்ணை."

"ஏலாது. உவங்களுக்கு நான் தேவையில்லை. ஒரு ரேப் ரெக்கோடர் காணும்."

நான் கார்த் திறப்பைக் கையில் எடுத்தேன். அப்போது ஹைகே வந்தார். அவர் டொச்சில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கோபிக்கக் கூடாது. ஒன்று கேட்க வேண்டும். ஏன் நடுவில் நடுவில் பாட்டை நிறுத்துகிறீர்கள்? எங்கள் கால் அந்தரத்தில் நிற்கிறது."

"நீங்கள் சிரிக்கத்தான் நிறுத்தினேன்."

"ஆடும்போது எப்படிச் சிரிப்பது? எண்ண வேண்டுமே!"

அண்ணை தொப்பிப் பெட்டியை மூடினார். ஹைகே தொடர்ந்தார். "சரி, அது போகட்டும். குதிரைப் பாட்டை எப்போது பாடுவீர்கள்? தமிழிலேயே பாடுங்கள். டொச்சில் பாடினால் எங்கள் கணக்குப் பிழைத்துவிடும்."

"என்ன கணக்கு?"

தங்களுக்குத் தெரியாத பாட்டு வந்தால் ஏற்கெனவே தெரிந்த அடிகளைப் போட்டு ஆடிவிடுவார்களாம். மனசுக்குப் பிடித்த பாட்டுக்கு மட்டுந்தான் புதிதாக அடி கட்டுவார்களாம். குதிரைப் பாட்டுக்கு மாரிகாலம் முழுக்கத் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் காணொளியைப் போட்டுப் போட்டு அடி கட்டியிருக்கிறார்கள். அர்த்தமும் தெரியும். காணொளியின் கீழே மகள் டொச்சில் எழுதிப் போட்டிருந்தாள்.

"நீங்கள் அதில் நிறுத்தும் இடமும் எங்களுக்குப் பாடம்," என்றார் ஹைகே.

யோகன் அண்ணை பெட்டியைத் திறந்தார்.

நாலு மணிக்குக் குதிரைப் பாட்டு.

*குதிரைக்குப் பாஸ்போட் இருக்குது, ஐயோ எனக்கில்லை,*
*குதிரை சுவிசுக்குப் போகுது, நான் சந்தி தாண்டேல்லை,*
*குதிரைக்கு டொக்டர் வீட்டை வாறார், எனக்கோ...*

இந்த இடத்தில் மாமா நிறுத்துவார், உங்களுக்குத் தெரியும். அவர் நிறுத்தியதும் சங்கத்தார் எல்லோரும் தொப்பியில் ஒரு கை வைத்து, குதிரை குளம்பு தூக்குவதுபோல் இடது காலைத் தூக்கி, அப்படியே நின்றார்கள். *டெர்மின் இல்லை!* என்று அவர் முடித்ததும் எல்லாக் காலும் ஒன்றாகப் பலகையில் இறங்கியது. இடி இடித்ததுபோல் இருந்தது. ஆனால் முகங்களில் சிரிப்பில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாம் முறை அண்ணை ஒரு மூச்சு கூடுதலாக நிறுத்தினார். கால்கள் இறங்கவில்லை. அவர் கண்ணில் ஒரு மினுக்கம் வந்ததைக் கண்டேன்.

மூன்றாம் முறை, "எனக்கோ..." என்று நிறுத்தினார். கால்கள் உயர்ந்தன. அண்ணை காதைச் சொறிந்தார். கைக்குட்டையை எடுத்து மெல்ல விரித்து நெற்றியைத் துடைத்தார். மடித்து வைத்தார். போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் அந்தச் சனம் ஒற்றைக் காலில் நின்றது! சொல் வராமல் காலை இறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. முன்வரிசையில் நின்ற செரிப் தள்ளாடத் தொடங்கினார். ஹைகேயின் தோளைப் பிடித்தார். ஹைகே பக்கத்தில் நின்றவரைப் பிடித்தார். வரிசை முழுக்கச் சரிந்து வைக்கோல் கட்டில் விழுந்தது.

முதலில் சிரித்தது ஹைகே. பிறகு புல்வெளி முழுக்க. இறகுக்காரர் கிழங்குக் கரண்டியோடு குனிந்து குனிந்து சிரித்தார். பின்வரிசையில் இன்னும் நொண்டிக்கொண்டு நின்றவர்கள் தாங்க முடியாமல் மேடையைப் பார்த்துக் கத்தினார்கள். தமிழில் கத்தினார்கள்:

"டெர்மின் இல்லை! டெர்மின் இல்லை!"

யோகன் அண்ணை தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அந்த வரியை அவர் பாடவே இல்லை.

ஆறரைக்குப் புறப்பட்டோம். செரிப் கார்வரை நொண்டிக்கொண்டு வந்து, தன்னிடம் குதிரைக்கு மட்டுமல்ல, பாட்டுக்காரருக்கும் டெர்மின் தேவையில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். எங்கள் மண்டபங்களில் சனம் சாப்பாட்டுக் கோப்பையோடு கதிரையில் இருந்து சிரிக்கும். இங்கே மாரி முழுக்கப் பழகி, எண்ணி, விழுந்து எழும்பித்தான் சிரித்தார்கள். சிரிப்பு என்னவோ ஒன்றுதான். கொப்புளம் காய்ந்ததும் நீங்கள் இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். அடுத்த கோடைக்கும் ஹைகே கூப்பிட்டிருக்கிறார்.

திரும்பும்போது அண்ணை தொப்பியைப் பின்சீற்றில் வைக்கவில்லை. தலையிலேயே வைத்திருந்தார். அது காரின் கூரையில் முட்டி நசுங்கியிருந்தது. ஹில்டெஸ்ஹைம் வந்தது. வெயில் இன்னும் வயலில் கிடந்தது. பண்ணைக்குத் திரும்பும் சந்தியில் நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் தம்பி மெதுவா விடுறாய்?"

"இல்லை அண்ணை... அந்த ஆணி..."

அவர் என்னைப் பார்த்தார். தொப்பியில் ஒரு கை வைத்தார். நிறுத்தினார். நிறுத்தினார் என்றால், நான் பிரேக்கில் வைத்த காலை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் அந்தரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும்வரை நிறுத்தினார்.

"அந்த ஆணிக்கோ," என்றார், "டெர்மின் இல்லை. அழுத்து தம்பி, வீட்டை போவம்."