அப்புறம் டீச்சரும் ஒரு பின்னலும்

ஒன்பதாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கும் அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அப்புறம் டீச்சர்'. யார் எதைச் சொன்னாலும் முகவாயில் கையை வைத்துக்கொண்டு "அப்புறம்?" என்பார். தையல்காரர் சாக்குச் சொன்னாலும் "அப்புறம்?"தான். பல் வைத்தியரிடம் வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டதாகக்கூட ஒரு வதந்தி உண்டு. காதில் விழுந்ததைச் சும்மாவும் விடமாட்டார், வகுப்பில் கதையாக்கிவிடுவார். கணவர் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் ஒளிந்தது, தம்பி ஜோடி மாறிய செருப்போடு வேலை கேட்டுப் போனது எல்லாம் எப்போதோ பாடமாகிவிட்டன. அவர் தலையைக் கண்டாலே சொந்தக்காரர்கள் வாயை இறுக்க மூடிக்கொள்வார்கள்.

இந்த வருடம் மகளே அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டாள்.

"ஸ்கூல்ல உன்னை டீச்சர்னுதான் கூப்பிடுவேன். பதிலுக்கு நீ என்னைப் பத்திக் கதை சொல்லக்கூடாது. சொன்னேன்னு வெச்சுக்கோ, இனிமே எதையும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்டி" என்றார் டீச்சர். அப்போது அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அகப் போராட்டம், புறப் போராட்டம் என்ற பாடம் வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பாடநூல் கதையில் ஓர் இளைஞன் மலையேறுவதா வேண்டாமா என்று நான்கு பக்கம் யோசித்தான். இரண்டாம் பக்கத்திலேயே கடைசி பெஞ்சு கண்ணயர்ந்துவிட்டது. டீச்சருக்கு நாக்கு அரித்தது. போன வாரம்தான் மகள் இடுப்பு வரை தொங்கிய பின்னலை வெட்டிக்கொண்டு, கழுத்துக்கு மேலே நிற்கும் முடியோடு வகுப்புக்கு வந்து எல்லாரையும் வாய்பிளக்க வைத்திருந்தாள். தோழிகள் நடுவே அவள்தான் இப்போது தைரியசாலி.

டீச்சர் புத்தகத்தை மூடினார். கதையில் வரும் பெண்ணுக்குச் சுருட்டை முடியைக் கொடுத்தார், இல்லாத ஓர் அண்ணனையும் கொடுத்தார். மாறுவேடத்துக்கு இது போதாதா என்ன!

"இது ஒரு வளர்ற வயசுக் கதை. முடியை வெட்டணும்ங்கறா பொண்ணு. கூடவே கூடாதுங்கறாங்க அம்மா. வீட்டுல தினம் சண்டை. இது என்ன போராட்டம்?"

"புறம்!" என்று வகுப்பு கத்தியது. கடைசி பெஞ்சும் விழித்துக்கொண்டது.

"பொண்ணு ஜெயிச்சுட்டா. வெட்டியாச்சு. அப்புறம்? வெட்டின பின்னலைக் காகிதத்துல சுத்தி, துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சா. தினம் எடுத்துப் பார்த்து அழுவா. வெட்டினது சரிதான்னு ஒரு மனசு, ஐயோ போச்சேன்னு ஒரு மனசு. இதுதான் அகப் போராட்டம்."

வகுப்பு மொத்தமும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. மகளின் காதுகள் சிவந்திருந்தன. மூடி மறைக்க இப்போது முடியும் இல்லை.

"தினமும் அழுவியாப்பா?" என்று யாரோ கேட்க, நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனைச் சேர்த்தபோதே, இது தப்பு என்று டீச்சருக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை.

மகள் எழுந்தாள்.

"டீச்சர், கதையில ஒரு தப்பு இருக்கு. பொண்ணு அழவே இல்ல. பின்னலைக் குப்பைக்கூடையில போட்டுட்டு சாப்பிடப் போயிட்டா. அதை எடுத்துத் தன்னோட துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சது அவங்க அம்மா. தினம் எடுத்துப் பார்த்து அழறதும் அவங்கதான். பொண்ணு அதைப் பார்த்துட்டா. ஆனா யார்கிட்டயும் சொல்லல."

சிரித்தவர்கள் இப்போது டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "இது வளர்ற வயசுக் கதைன்னு சொன்னீங்களே டீச்சர். அப்போ இதுல வளர்றது பொண்ணா, அம்மாவா?"

"பொண்ணு வளர்ந்துட்டா" என்றார் டீச்சர். "அம்மாவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் நாளாகும் போல."

வகுப்பு சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் அந்த அம்மா, பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். மகள் மட்டும் மேசையருகே வந்து நின்றாள்.

"அம்மா" என்றாள், பள்ளிக்கூடத்துக்குள் முதல் தடவையாக. "இனிமே உன்கிட்ட எதையாவது சொல்றதா வேணாமான்னு எனக்குள்ள பெரிய போராட்டமா இருக்கு. அது முடியட்டும். பின்னலை நீயே வெச்சுக்கோ. ஆனா கதையை என்கிட்ட குடுத்துடு. அது என்னோடது, நானே சொல்லிக்கிறேன்."

டீச்சருக்கு வழக்கமான அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.