எங்கள் வீட்டுப் பிரெஞ்சும் ஒரு நீல வண்டியும்

சென்ற வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்ப ஏறிய வாடகைக் காரில், இருக்கைகளைப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. உட்கார்ந்தால் சறுக்கியது; அசைந்தால் முனகியது. காரணம் கேட்கும் துணிவு எனக்கில்லை. ஆனால் நான் சறுக்குவதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். “பிரிச்சா பழசாயிடுங்க. இன்னும் மூணு மாசம் போவட்டும்” என்றார். அவர் காப்பாற்ற நினைத்தது இருக்கையை அல்ல, அந்த வாசனையை என்று எனக்குத் தோன்றியது.

புது வண்டியின் வாசனையை வருணிக்கச் சொன்னால் நான் திணறிப்போவேன். இலக்கியம் படிப்பவள் என்ற பெயர்தான். வாசனைக்கு எனக்குச் சொல் கிடைப்பதில்லை, ஒப்புமைதான் கிடைக்கிறது. மழைக்கோட்டின் உட்புறம். அட்டை போட்டு முடித்த பாடநூல். கூடவே, வேறு யாருக்கும் சேராத ஒன்றும் எனக்கு வந்து சேரும்: ரெட்டியார்பாளையத்தில் ஒரு கார் விற்பனைக்கூடத்தில் காகிதக் குவளையில் கொடுத்த, சர்க்கரை தூக்கலான காப்பி.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீடு உப்பளத்தில். அம்மா செவிலியர், அரியாங்குப்பம் தாண்டி ஒரு சுகாதார நிலையத்தில் வேலை. தினமும் ஸ்கூட்டரில் ஆற்றுப் பாலத்தைக் கடந்து போய்வந்தவர், ஒரு மழைநாளில் அந்தப் பாலத்தின் மேலேயே சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, வலது தோள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்ப மறுத்துவிட்டது. கார் வாங்குவது என்று முடிவானது அப்படித்தான். ஓட்டப்போவது அம்மா. அப்பாவுக்கு எந்த வண்டியும் ஓட்ட வராது. மிதிவண்டியைக்கூட உருட்டிக்கொண்டுதான் போவார் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் எங்களுடையது; என் பெற்றோர் இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். என்னை மட்டும் தமிழில் சேர்த்தார்கள். அதைத் தமிழ்ப்பற்று என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பிள்ளை இருக்கும் வீட்டில் மற்றவர்கள் இரகசியம் பேச மொட்டைமாடிக்குப் போவார்கள். என் பெற்றோர் பிரெஞ்சுக்குப் போனார்கள். மாடிப்படி ஏறும் சிரமம்கூட இல்லை.

ஆனால் காதுள்ள குழந்தையை எவ்வளவு காலம் வெளியே நிறுத்த முடியும்? நான் முதலில் பிடித்த சொல் ‘காத்தோ’. அது காதில் விழுந்த நாட்களிலெல்லாம் மாலையில் வீட்டுக்குக் கேக் வந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வந்ததில், பத்து வயதுக்குள் அநேகமாக எல்லாம் புரிந்தது. புரிகிறது என்று நான் சொல்லவில்லை. முதலில் அது இலாபகரமாக இருந்தது. பிறகு சொல்லும் காலம் கடந்துவிட்டது. அம்மா விழுந்த அன்று அப்பா என்னிடம் “ஒண்ணுமில்ல பாப்பா, சும்மா சிராய்ப்பு” என்றார். அம்மாவிடம், தனக்குக் கைகால் நடுங்கிவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னார். எங்கள் வீட்டின் உண்மைகள் எந்த மொழியில் குடியிருந்தன என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த மொழிக்குள் நான் திருட்டுத்தனமாகக் குடியிருந்தேன்.

விற்பனைக்கூடத்தில் எங்களை எதிர்கொண்டவர் பெயர் ஏழுமலை. சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நெற்றியில் விபூதி, பாகூர்ப் பக்கத்துக் கிராமப் பேச்சு, வயிற்றைத் தாண்டித் தொங்கிய கழுத்துப் பட்டை. என் பெற்றோர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, இவர் காதில் பிரெஞ்சு ஏறாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த ஊரின் ஒருசில தெருக்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பிரெஞ்சு என்பது தங்கள் ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்து வழங்கப்பட்டது என்ற எண்ணம்.

“சார், நீங்க ஓட்டிப் பாக்கறீங்களா?” என்று ஏழுமலை சாவியை அப்பாவிடம் நீட்டினார்.

“எனக்குத் தெரியாது. அவங்கதான் ஓட்டுவாங்க.”

“அப்ப நீங்க?”

“நான் பக்கத்துல உக்காந்து பயப்படுவேன்.”

ஒரே வண்டியில் இரண்டு வகை இருந்தன. விலை குறைந்ததில் திசைமாற்றிச் சக்கரம் கனம். நன்றாகத் தோள் கொடுத்துத் திருப்ப வேண்டும். விலை கூடியதில் ஒரு விரலால் சுழற்றலாம். அம்மா இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். முதலாவதைத் திருப்பும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டாவதை விட்டு இறங்கவே அவருக்கு மனமில்லை. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. கையில் இருந்தது முதலாவதற்குச் சற்று மேல், இரண்டாவதற்கு நன்றாகவே கீழ்.

பேரம் தொடங்கியது. அப்பா முகத்தைத் தமிழில் கடுமையாக வைத்துக்கொண்டு, வாயால் பிரெஞ்சில் வியூகம் வகுத்தார். நம் உச்சவரம்பு நாலு எண்பது. ‘லட்சம்’ என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைத் தவிர்த்து, நானூற்று எண்பது ஆயிரம் என்று சுற்றிவளைத்துச் சொன்னார். சின்ன வண்டியைக் கேட்பதுபோல் கேட்போம். பெரியதன் மேல் ஆசை என்று காட்டாதே. முக்கியமாக, தோளைப் பற்றி மூச்சுவிடாதே. வேறு வழியில்லை என்று தெரிந்தால் இவன் ஒரு ரூபாய் குறைக்க மாட்டான். அம்மா, சரி, ஆனால் சின்னதை என்னால் ஓட்டவே முடியாது என்று அதே மொழியில் மெல்லச் சொன்னார். நிலைமையை இலேசாக்க எண்ணிய அப்பா, பையனைவிடப் பட்டை நீளம் என்று கூடுதலாக ஒரு நகைச்சுவையும் சேர்த்தார்.

ஏழுமலையின் கை மேசைக்குக் கீழே போனது. திரும்பி வந்தபோது பட்டையின் நுனி சட்டைப் பொத்தான்களுக்குள் செருகப்பட்டிருந்தது.

காப்பிக் குவளையைக் கீழே வைத்தேன். அந்தச் சிறு அசைவை நான் நன்கறிவேன். மேல் அலமாரியில் மிட்டாய் ஒளித்திருக்கிறது என்று அவர்கள் பிரெஞ்சில் பேசும்போதெல்லாம், அலமாரியைப் பார்க்காமலிருக்கக் கண்களை இழுத்துப் பிடித்து வைத்திருப்பவள் நான். எதிரே உட்கார்ந்திருந்தவர் என் இனம்.

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். பேசாமலிருந்தால் அம்மாவின் தோள் உட்பட எல்லாம் அறிந்த ஒருவரிடம் அப்பா பேரம் பேசிக்கொண்டிருப்பார். சின்ன வண்டி வரும், அல்லது எந்த வண்டியும் வராது. பேசினால் நான் அகப்படுவேன். தமிழில் சொல்லியிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது. காதில் கிசுகிசுத்திருக்கலாம். ஆனால் பதற்றத்தில் மனிதர்களுக்கு வாயில் வருவது, கேட்டுக் கேட்டு ஊறியதுதானே.

“அம்மா, இல் கொம்ப்ரான்” என்றேன். அவருக்குப் புரிகிறது.

இருவரும் ஏழுமலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

“எத்தினி நாளாடீ?” என்றார் அம்மா.

நாட்களில் சொல்லும் கணக்கு அல்ல அது. அப்பா எதையெதையோ நினைவில் புரட்டிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. காது மடல்கள் சிவந்துகொண்டே வந்தன.

எங்களைக் காப்பாற்றியவர் ஏழுமலைதான். “பார்தோன், மதாம்” என்று மன்னிப்புக் கேட்டபடி எழுந்து நின்றார். என் பெற்றோருடையதைவிடச் சுத்தமான உச்சரிப்பு. “கடற்கரைத் தெருவுல ஒரு ஓட்டல்ல ஆறு வருஷம் ரிசப்ஷன்ல இருந்தேன் சார். வர்றவங்க பூரா பிரான்ஸ்காரங்க. காதை நான் எங்க கழட்டி வெக்கிறது?”

“முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?” என்றார் அப்பா.

“சொல்லலாம்னுதான் சார் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள டை மேட்டர் வந்துடுச்சி.”

முதலில் சிரித்தவர் அம்மா. பிறகு மறைக்க ஏதுமில்லாதவர்களின் நிம்மதியோடு, தமிழிலேயே தோளைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் சொன்னார். ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மேலாளர் அறைக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் தம் தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்து, வாசலருகே காட்சிக்கு நின்றிருந்த நீல வண்டியைக் கைகாட்டினார். விலை கூடிய வகைதான். ஆனால் மூன்று மாதமாக வந்தவர் போனவரெல்லாம் கதவைத் திறந்து மூடிய வண்டி. “உங்களுது நாலு எண்பது, எங்களுதும் நாலு எண்பது. ஒளிக்க ஒண்ணும் இல்ல.”

அவர் எங்களுக்காக இறங்கி வந்தாரா, எங்களை உச்சவரம்புவரை ஏற்றிவிட்டாரா என்பதில் இன்றுவரை வீட்டில் இரு கட்சிகள் உண்டு. அப்பா, நல்ல மனிதர் என்பார். அம்மா, “நாலு அறுவதுன்னு பேசிருந்தீங்கன்னா அறுவதுக்கே குடுத்துருப்பான்” என்பார். நான் எந்தக் கட்சியிலும் இல்லை; அந்த வண்டியை அம்மா ஒரு கையால் வளைத்துப் பாலம் ஏற்றுவதைப் பார்த்தவள் என்பது மட்டும்தான் என் சாட்சியம்.

வண்டி வந்தது, பிரெஞ்சு போய்விட்டது. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. வாக்கியத்தைப் பிரெஞ்சில் தொடங்கிய அப்பா என்னைக் கண்டதும் இருமலில் முடிப்பார். சில நாளில் தொடக்கமும் நின்றது. இரகசியங்கள் வண்டிக்குக் குடிபெயர்ந்தன. தெருவோரம் நிறுத்திய காரில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எங்கும் போகாமல் இருவரும் உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். பால்கனியிலிருந்து பார்த்தால் உதடுகள் அசைவது மட்டும் தெரியும்.

நான் இப்போது பிரெஞ்சை முறையாகக் கற்கிறேன். இலக்கணம் தவறாது எழுதுவேன். ஆனால் நான் வாசிக்கும் எந்த நூலிலும் எங்கள் வீட்டுப் பிரெஞ்சு இல்லை. கேள்வியின் வாலில் தமிழ் ‘ஆ’ ஒட்டிக்கொள்ளும் மொழி அது; அப்பாவுக்கு நன்றி சொல்ல அம்மா ‘மேர்சிங்க’ என்று மரியாதை சேர்த்த மொழி. உலகில் அதைப் பேசியவர்கள் இருவர்.

போன ஞாயிறு, இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன். கேட்டுச் சிரித்தார்.

“இது புஸ்தகத்துல இருக்கறதுடீ. எங்களுது வேற.”

“அதையே பேசுங்களேன்.”

அவர் ஓட்டைக் கழற்றிய இறாலைக் கிண்ணத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

“யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பேசறது?”