சிவப்பாகத் திரும்பிய வெள்ளைப் புறா

காஞ்சிபுரத்தில் எங்கள் மாடியில் கர்ணப் புறாக்கள் வளர்க்கிறேன். பறக்கும்போதே குட்டிக்கரணம் போடுபவை அவை. போன மாதம் ஒரு வெள்ளைப் புறா கரணமே போடாமல், இறக்கையெல்லாம் சிவந்து, தள்ளாடி வந்து இறங்கியது. ரத்தம் என்று பதறிவிட்டேன். காயப்போட்ட நூலில் எச்சம் விழுவதாகத் தினமும் திட்டுகிற பக்கத்து சாயப்பட்டறை அக்கா மேல்தான் சந்தேகம்.

“ஏன்கா, வாயில்லா ஜீவனைக் கல்லால அடிச்சிருக்கியே!” என்று கத்தினேன்.

“நானா அடிச்சேன்? மிச்ச சாயத் தண்ணியில முங்கிக் குளிச்சிக்கினு இருந்துது, தொரத்தி வுட்டேன். காலேஜ் படிச்ச புள்ள, ரத்தம் எது, சாயம் எதுன்னு தெரியலியாபா? இந்த வெயில்ல அதுங்களுக்குக் குளிக்கத் தண்ணி வெச்சியா நீ?”

தொட்டுப் பார்த்தேன். காயமே இல்லை, என் விரல்தான் சிவந்தது. குடிக்க மட்டுமே தண்ணீர் வைத்திருந்தேன். அக்காவிடம் மன்னிப்பு கேட்டேன்.

இப்போது தினமும் அகலமான தட்டில் குளிக்கத் தண்ணீர் வைக்கிறேன். சந்தேகம் வந்தால், புறாவைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.